ஆள் ஏறினால்தான் தெரியும்

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் செயினைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் குறைவு. அப்பா ஓட்டிய வண்டியிலும், காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு தெருவில் போன வண்டிகளிலும் செயின் ஒரு தகரப் பெட்டிக்குள்தான் ஓடியது. பெட்டியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். மெக்கானிக் அதைப் பிடுங்கி, விரலை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்து, "டைட் வெச்சுடலாம்" என்பார். எவ்வளவு இருந்தது, எவ்வளவு வைத்தார் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோகும். வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறுகிற ஊரில் அந்தப் பெட்டி இருக்க வேண்டியதுதான். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஸாரி கார்டு என்று நாம் சொல்லும் கம்பி வலை அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆகவே, கைமாறி வந்த ஒரு ஹிமாலயனை நான் வீட்டு வாசலில் நிறுத்தியபோது தெருவில் முதலில் எழுந்த கேள்வி மைலேஜ் பற்றியதல்ல. "செயின் வெளிய தெரியுதே தம்பி, கவர் தனியா வாங்கணுமா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். மேலே ஒரு பட்டை மூடி, அவ்வளவுதான். மற்றபடி செயின் வெயிலுக்கும் மழைக்கும் திறந்தே கிடந்தது.

1955-இல் திருவொற்றியூரில் புல்லட்டைக் கோக்கத் தொடங்கிய கம்பெனி, 2016-இல் இந்த வண்டியைக் கொண்டுவந்தது. இப்போது அவர்களுடைய தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. பெயர்தான் இமயமலை; பிறந்தது எங்களுக்கு இரண்டு மாவட்டம் தள்ளி. 411 சிசி இன்ஜின், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 220 மில்லிமீட்டர். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது மொத்தம் 180 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் போய் வரும். பழைய கிளாசிக் 350-இல் இந்த ஆட்டம் 80 மில்லிமீட்டர்தான். வாங்கும்போது இந்த எண்களைத் தோழர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நூறு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கும் செயினுக்கும் இருக்கிற உறவைத் திருவண்ணாமலையில் ஒரு வேப்பமரத்தடியில்தான் தெரிந்துகொண்டேன்.

திருவண்ணாமலை செயினுக்கு நல்ல ஊர் அல்ல. வருடத்தில் பாதி நாள் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் செம்மண் சேறு. மலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியில் அதில் வண்டிக்கு இடமில்லை. மற்ற நாட்களில் போகலாம். ஆனால் நடப்பவர்களுக்குப் பின்னால், அவர்களின் வேகத்தில்தான் போக வேண்டும். எமலிங்கத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் சாலையின் முழு அகலத்துக்கும் விரிந்து நடந்துகொண்டிருக்கும். ஹாரன் அடிக்க மனம் வராது. முதல் கியரில் கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து ஊர்வோம். அந்த ஊர்தலில்தான் செயின் பேசத் தொடங்கும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் அடியில் 'லொடக்', விட்டால் மறுபடி 'லொடக்'. அறுபதில் போகும்போது காதில் விழாத தொய்வு, நடைவேகத்தில் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் வந்து இடிக்கும்.

இந்தச் சத்தத்தைத்தான் மக்களால் பொறுக்க முடிவதில்லை. சத்தம் வந்தால் வண்டி பழசாகிவிட்டது, இறுக்கிவிட வேண்டும். ஊரில் பாதிச் செயின்கள் அளவுக்கு மீறி இறுகிக் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தொய்ந்த செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகிய செயின் சத்தமே போடாது. உள்ளே பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும்.

செங்கம் சாலையில் ஆசிரமங்களைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில், அந்த வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. நடத்தியவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. ராஜ்தூத், எஸ்டி, இரும்பு இன்ஜின் புல்லட் எல்லாம் பார்த்த கை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள்; வாடகைக்கு எடுத்த புல்லட்டுகளுடன் பட்டறை வாசலில் காத்திருப்பார்கள். மற்ற மாதங்களில் விவசாயிகளின் வண்டிகளும் பள்ளி ஆசிரியர்களின் ஸ்கூட்டர்களும். நான் போகத் தொடங்கிய காலத்தில் என்னுடையதைப் போன்ற உயரமான வண்டிகள் அங்கே ஒன்றிரண்டுதான் வந்துகொண்டிருந்தன.

பாய் வேலை செய்யும் முறையை முதல் தடவை நின்று பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின்சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றினார். சுற்றிக்கொண்டே ஒரு விரலால் கீழ்ச்செயினை நடுவில் தொட்டுத் தொட்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க டைட்டா இருக்கு பாரு தம்பி. அரைச் சுத்து சுத்தினா லூஸ்." செயின் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேயாது. சில கண்ணிகள் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், சில அப்படியே இருக்கும். லூஸான இடத்தில் வைத்து அளந்து இறுக்கினால், அந்த டைட்டான இடம் சுற்றி வரும்போதெல்லாம் செயின் பிடித்து இழுக்கும். அதனால் முதலில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது, பிறகு அங்கேதான் அளவு.

அளவு என்றால் ஸ்கேல்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில், கீழே ஓடும் பக்கத்தில் செயினைக் கீழே இழுத்து ஒரு புள்ளி, மேலே தள்ளி ஒரு புள்ளி. நடுவில் உள்ள தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். ஊர் மெக்கானிக் என்றால் விரலாலேயே கணக்குச் சொல்லிவிடுவார் என்று கதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். பாய் அளக்காமல் ஒரு செயினையும் விட்டதில்லை. "விரல் ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது" என்பார்.

பிறகு பின் அச்சின் பெரிய நட்டைத் தளர்த்துவார். இது இறுகியிருக்கும்போது அட்ஜஸ்டரைத் திருகுகிறவர்கள் உண்டு. திருகின் மரைதான் போகும். புல்லட்டில் நத்தை ஓடு வடிவத்தில் பல் வெட்டிய தட்டு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் அச்சு பின்னால் நகரும். என் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரு போல்ட், அதற்கு ஒரு பூட்டு நட்டு. இந்தப் பக்கம் கால் சுற்று என்றால் அந்தப் பக்கமும் கால் சுற்று. ஸ்விங் ஆர்மில் கோடுகள் வெட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்தால் சக்கரம் நேராக இருப்பதாகப் பொருள். பாய் அந்தக் கோட்டை ஓரளவுக்குத்தான் நம்புவார். பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செயின் பல்சக்கரத்தின் நடுவே நேராக வந்து ஏறுகிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி உரசுகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் தையல் நூலை எடுத்துப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி முன்சக்கரம் வரை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. அச்சு நட்டை இறுக்குவதற்கு முன், ஒரு பழைய துணியை நான்காக மடித்துச் செயினுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்து, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் திருப்புவார். துணி சிக்கிச் செயின் விறைக்கும். அச்சு முன்னால் இழுபட்டு இரண்டு அட்ஜஸ்டரிலும் ஒட்டி உட்காரும். அந்த நிலையிலேயே நட்டை இறுக்குவார். இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது சக்கரம் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். பார்த்துப் பார்த்து வைத்த அளவு போய்விடும். இறுக்கிய பிறகு துணியை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேல். எத்தனை அவசரம் என்றாலும் இந்த இரண்டாவது அளவை அவர் விடுவதில்லை.

இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை போகக் கூடாது என்பது பட்டறையின் சட்டம். ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியை வைத்துத் துடைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கை சுற்றுகிற சக்கரத்தில் ஆகாத வேலை எதுவும் செயினில் இல்லை என்று பையன்களைத் திட்டுவார்.

ஜவ்வாது மலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில்தான் அந்த மூன்று பேர் விவகாரம் நடந்தது. மனைவி பின்னால் வருவாள், இரண்டு பக்கமும் பை, மேலே ஒரு மூட்டை என்று சொன்னேன். பாய் செயினை வழக்கம்போல முடித்துவிட்டார். அவர் கைக்குப் பழகிய புல்லட் அளவு, இருபத்தைந்து மில்லிமீட்டர் சுமாருக்கு. வண்டியைக் கீழே இறக்கிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டைக் கையால் அமுக்கினார். வண்டி இறங்கி ஏறியது. மறுபடி அமுக்கினார்.

"இது ரொம்ப இறங்குது தம்பி" என்றார். பிறகு எதிர்க் கடையைப் பார்த்து, "மாஸ்டர்! அஞ்சு நிமிஷம் வா."

டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா பாய்?"

"வண்டில ஏறி உட்காரு."

"எங்க போறோம்?"

"எங்கயும் போல. வெயிட்டுக்கு."

மாஸ்டர் ஒல்லி. பாய்க்குத் திருப்தி வரவில்லை. ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டார். அவர் நல்ல கனம். கடைசியில் நான் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் மாஸ்டர், பின்னால் ஆட்டோ அண்ணன் என்று மூன்று பேரும் நகராத வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா, "போலீஸ் வந்தா மூணு பேருக்கும் ஃபைன்" என்றார். பாய் சாக்கை விரித்துப் படுத்து, செயினைத் தொட்டார்.

"இன்னும் அமுக்குங்க. எழுந்து எழுந்து உட்காருங்க."

நாங்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "போச்சு. கொடிக்கம்பி மாதிரி நிக்குது."

என்னை இறக்கிவிட்டு, என் இடத்தில் பையன் ஒருவனை ஏற்றி, என்னையும் படுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெறும் வண்டியில் இரண்டு விரல் அளவுக்கு ஆடிய செயின் இப்போது அசையவே இல்லை. விரலால் தட்டினால் ஓசை வந்தது. ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் ஒவ்வொரு குழியிலும் இதே நிலை. அதுவும் வேகத்தில், இன்ஜின் இழுவையோடு.

பாய் மறுபடி அச்சு நட்டைத் தளர்த்தினார். இரண்டு பக்கமும் சமமாகத் திருகைப் பின்வாங்கினார். மூன்று பேரையும் திரும்ப ஏற்றி, ஒரு விரல் ஆடுகிற அளவுக்கு விட்டு, எங்களை இறக்கி, ஸ்டாண்டில் ஏற்றி, கடைசியாக ஸ்கேலை வைத்து அந்த எண்ணைச் சுவரில் கரியால் எழுதினார். கையேட்டில் எழுதியிருந்த வரம்பின் மேல் ஓரத்தில் அது வந்து நின்றது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கையேடு எழுதியவர்கள் வெறும் வண்டிக்கு ஓர் எண்ணைக் கொடுத்தாலும், ஆளேறினால் எவ்வளவு குறையும் என்று பார்த்துத்தானே கொடுத்திருப்பார்கள். ஆட்டோ அண்ணனுக்கு டீயோடு ஒரு போண்டாவும் என் கணக்கில் போயிற்று.

அந்தச் சீசனில் ஜெர்மனியிலிருந்து வந்து ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒருவர் பட்டறைக்கு வருவார். ஊரில் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் வைத்திருப்பவர். அதில் தொய்வு 35 முதல் 45 மில்லிமீட்டர் என்று சொன்னார். பாய் அதை நம்பவில்லை. நாலரை சென்டிமீட்டர் என்றால் செயின் கழன்று விழாதா? ஜெர்மன்காரர் சாக்பீஸ் வாங்கிச் சுவரில் மூன்று புள்ளிகள் வைத்தார். பேசத் தமிழ் இல்லை, கேட்க ஆங்கிலம் இல்லை, புள்ளிகளே பேசின.

முதல் புள்ளி, இன்ஜினிலிருந்து வெளியே வரும் சின்னப் பல்சக்கரம். இரண்டாவது, அதற்குச் சற்றுப் பின்னால் ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கும் முளை. மூன்றாவது, அந்த ஆர்மின் நுனியில் பின்சக்கரத்தின் அச்சு. சக்கரம் மேலும் கீழும் போவது முளையை மையமாக வைத்து. செயின் போய்ச் சுற்றுவதோ பல்சக்கரத்தை. இரண்டும் ஒரே புள்ளியாக இருந்தால் சக்கரம் எப்படிக் குதித்தாலும் செயினுக்கு ஒன்றுமில்லை. இரண்டும் தனித்தனி என்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போது பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் மிக அதிகம். செயின் மிக இறுக்கம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்து கிடக்கும். ஆள் ஏற ஏற அது அந்தக் கோட்டை நோக்கி எழும்பும். சக்கரத்தின் ஆட்டம் 80 மில்லிமீட்டராக இருந்த வண்டிகளில் இந்த வித்தியாசம் கொஞ்சம். எந்த அளவில் வைத்தாலும் பெரிதாகத் தெரியாது. 180, 200 என்று ஆடுகிற வண்டியில் தெரியாமல் போகாது.

பாய் சுவரைப் பார்த்தார். மூன்றாவது புள்ளியைக் கட்டைவிரலால் அழித்து, கோட்டுக்கு நேராக மேலே கொண்டுவந்து வைத்தார். ஜெர்மன்காரர் தலையை வேகமாக ஆட்டினார். "இதுக்குத்தானே மூணு பேரை ஏத்துனேன்" என்று பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து உயர வண்டி எது வந்தாலும் முதல் தடவை ஆளேற்றிப் பார்ப்பது பட்டறையின் வழக்கமாயிற்று. மாஸ்டர்தான் பாவம்.

அதிகமாக இறுக்கினால் என்ன ஆகும் என்பதை என் நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்தேன். வேறு ஊரில் ஒரு பட்டறையில், சத்தம் வரக்கூடாது என்று கேட்டு இறுக்கி வாங்கியிருந்தார். சில மாதங்களில் முன் பல்சக்கரத்தின் பின்னாலிருந்து ஆயில் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் ஆயில் சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, பேரிங்கும் ஆடியது. ஒவ்வொரு குழியிலும் செயின் அந்தத் தண்டைப் பின்னால் பிடித்து இழுத்திருக்கிறது. பின்சக்கர பேரிங்குக்கும் இதே கதிதான். செயின் தொய்ந்து பல்சக்கரத்தைத் தாண்டிக் குதித்தால் அதுவும் ஆபத்துதான். கழன்ற செயின் முன்னால் சுருண்டு இன்ஜினின் கூட்டையே உடைத்துவிடும். சக்கரத்தில் சுற்றினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். இரண்டில் எது தேவலை என்று பாயைக் கேட்டேன். "ரெண்டும் வேணாம். ஆனா அஞ்சு மில்லிமீட்டர் தப்பு பண்ணணும்னா லூஸ் பக்கம் பண்ணு."

ஜவ்வாது மலைக்குப் போனது ஐப்பசியில். போளூர் வரை சமவெளி, அதற்குப் பிறகு மலைப்பாதை. வளைவுகளில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் மாறி மாறி ஏறினோம். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் செயின் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "உங்களைத் தவிர யாருக்கும் கேட்காது" என்றாள். ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கி மூட்டையைப் பெரிதாக்கினோம். அங்கிருந்து காவலூர் வானாய்வகம் வரை. 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. மேகம் மூடியிருந்ததால் வெள்ளைக் குவிமாடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பீமன் அருவிப் பக்கம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் மண்ணாக இருந்ததெல்லாம் களி. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பின்னால் குந்திப் பார்த்தபோது ஒரு புது விஷயம் கண்ணில் பட்டது. பல்சக்கரத்தின் பள்ளங்களில் களிமண் அப்பி, அதன் மேல் செயின் ஏறி உட்கார்ந்திருந்தது. பல்சக்கரம் சற்றே பெருத்த மாதிரி. விரலால் தூக்கிப் பார்த்தால், பட்டறையில் வைத்த தொய்வில் பாதிகூட இல்லை. சேற்றில் ஓட்டுகிற பந்தயக்காரர்கள் செயினை ஏன் அவ்வளவு தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள் என்பது அந்த மழையில் விளங்கியது. குச்சியால் மண்ணைச் சுரண்டி எடுத்தேன். தொய்வு திரும்ப வந்தது. பாய் மூன்று பேரை ஏற்றாமல் அந்தப் பழைய அளவிலேயே விட்டிருந்தால் இரண்டு ஆள், மூட்டை, களிமண் மூன்றும் சேர்ந்து எங்கே போய் முடிந்திருக்குமோ.

சேற்றில் வந்த செயினைக் கழுவுவதில் பெரிய வித்தையில்லை, ஆனால் கெடுப்பவர்கள் அதிகம். இந்த வண்டிகளின் செயினில் கண்ணிக்குக் கண்ணி சிறு ரப்பர் வளையங்கள் உண்டு. கம்பெனியில் அடைத்த கிரீஸ் உள்ளேயே நிற்க, மண் வெளியே நிற்க, நடுவில் காவல் அந்த வளையம்தான். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் ரப்பர் கெடும். கம்பி பிரஷ் போட்டால் கிழியும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அதைத் தாண்டி உள்ளே போகும். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், உலர்ந்த துணி. கடைசியில் 90-ஆம் நம்பர் கியர் ஆயில், உள்பக்கமாகச் சொட்டு சொட்டாக. டப்பாவில் அடைத்த வாசனை ஸ்பிரேக்கள் வந்த பிறகு பாயின் இந்த முறையைப் பழைய பஞ்சாங்கம் என்று சிலர் சொன்னார்கள். பல ஜப்பானிய வண்டிகளின் கையேடுகளில் இதே மண்ணெண்ணெயும் இதே கியர் ஆயிலும் எழுதியிருப்பதை அவர்கள் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கஷ்டம், மண்ணெண்ணெய் கிடைப்பதுதான்.

செயின் நீள்வதாக நாம் சொல்வதும் சரியல்ல. தகடு நீள்வதில்லை. கண்ணியின் முளையும் அதைச் சுற்றியிருக்கும் குழலும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நூலிழை இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் அதைக் கூட்டினால் விரல் அளவுக்கு வந்துவிடும். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிட்சர்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய குழலும் உருளையும் கொண்ட செயின்தான் இன்றைக்கும் நம் வண்டியில் ஓடுகிறது. ரப்பர் வளையம் மட்டும் பின்னால் வந்தது. பெட்டியின் மேல் 428, 520 என்று போட்டிருக்கும். முதல் இலக்கம், ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவில் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பது. நாலு என்றால் அரை அங்குலம், சாதாரண வண்டி. ஐந்து என்றால் 15.875 மில்லிமீட்டர், என்னுடையது. அரைக்கால் என்ற அளவு பள்ளிக்கூடத்திலிருந்து போய்விட்டாலும் செயின் பெட்டியில் இருக்கிறது.

அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டை நெருங்கிய பிறகு ஒருநாள், பாய் பின் பல்சக்கரத்தின் கடைசிப் பக்கத்தில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் காட்டினார். பல்லில் பாதி வெளியே தெரிந்தது. "இதுக்கு மேல இறுக்குறது வேஸ்ட். செட்டா மாத்திடு." செட் என்றால் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்த்து. செயின் மட்டும் போதாதா என்று எல்லோரும் கேட்பதுபோல் நானும் கேட்டேன். தேய்ந்த பல் கொக்கியாக வளைந்திருக்கும். புதுச் செயினை அது தன் அளவுக்குச் சீக்கிரமே தேய்த்துவிடும் என்றார். செயினுக்கு நம் ஊர்ப் பெயர்களே உண்டு. கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான், சென்னை முருகப்பா குழுமத்தின் டயமண்ட். பட்டறைக்குப் பட்டறை இதில் கட்சி உண்டு. பாய் எந்தக் கட்சி என்று சொன்னால் இன்னொரு கட்சிக்காரர் சண்டைக்கு வருவார்.

புதுச் செட் போட்ட அன்றும் மாஸ்டரைக் கூப்பிட்டார். சுவரில் எழுதிய கரி எண் வெள்ளையடித்ததில் போயிருந்தது. ஆட்டோ அண்ணன் சவாரியில் இருந்ததால் கனத்துக்குச் சிமெண்டு மூட்டை ஒன்றை ஏற்றினோம். மாஸ்டருக்கு அது மரியாதையாகப் படவில்லை. அளவு வைத்து, துணி கொடுத்து, நட்டை இறுக்கி, மறுபடி ஸ்கேல் வைத்துவிட்டு, புதுச் செயின் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இடம் கொடுக்கும், திரும்பக் கொண்டுவா என்றார் பாய். எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

"பௌர்ணமிக்கு முந்தின வாரமே வந்துடு. அன்னிக்கு வந்தா ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. அப்புறம் இங்க வரைக்கும் நடந்துதான் வரணும்."